பென்சில் பட்ட வரிகள்

அத்தியாயம் 9

காலை ஆறரை மணிக்குப் பக்கத்து அறையில் என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

"அவசரமே இல்ல. நூல் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல கையில எடுத்துப் பாருங்க. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடும். எட்டு மாதத்தில் இவ்வளவாவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு இருமல் கேட்டது. அது வாலுவின் இருமல்.

வாலு என் மனைவியின் தங்கை. சின்ன வயதில் அக்கா பின்னாலேயே தொங்கிக்கொண்டு திரிந்ததால் அக்கா வைத்த பெயர். இருபத்தாறு வயதாகியும் விடவில்லை. முன்னால் நடந்தவள் போய்விட்டாள். பெயர் மட்டும் இருக்கிறது.

போன வாரம் இந்த வீட்டை விட்டுப் போவதென்று முடிவு செய்து நான்கு அட்டைப்பெட்டிகளைக் கட்டினேன். மூன்றில் என் சாமான்கள். நான்காவதில் அவளுடைய பள்ளிக்கூடச் சாமான்கள். மாமனார் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தையல்காரர். கட்டுவதற்குக் கெட்டி நூல் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வாலுதான் நான்காவது பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். அக்காவின் பாடக்குறிப்பு நோட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள்.

"மீதியை நீங்களே வச்சுக்கோங்க அத்தான்" என்றாள்.

அந்த நோட்டை நம்பித்தான் இன்றைய நாள்.

அக்கா நடத்திய நான்காம் வகுப்பு இப்போது வாலுவிடம் இருக்கிறது. அதே பள்ளியில் அவளுக்கு இரண்டு வருடத் தற்காலிக வேலை. இந்த மாதத்தோடு முடிகிறது. இன்று அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார். அவர் எழுதும் படிவம் நல்லபடியாகப் போனால் நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் வீடு.

அந்த அதிகாரியோடு பட்டியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான்.

எனக்குப் பாடத்திட்ட அலுவலகத்தில் வேலை. வருடக் கடைசியில் ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைக்கும் என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. கற்றல் விளைவுகள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்தப் பாடம் எடுத்தாலும் குறிப்பின் தலையில் அந்த எண்ணைப் போட வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்து, அச்சுக்கு அனுப்பி, பள்ளிகளுக்குக் கொடுப்பது என் மேஜை.

"நீங்க ஒரு வரி அடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடறீங்க. எனக்கு அது பதினோரு நாள் வேலை" என்பாள் என் மனைவி.

பாடக்குறிப்புக்கு அவள் மூன்று கட்டம் போடுவாள். முதல் கட்டத்தில், பிள்ளைக்கு என்ன வர வேண்டும். அதற்கு எண். அடுத்து நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடுவாள். அதன் தலைப்பு, 'வந்துவிட்டது என்று எதைப் பார்த்தால் தெரியும்?' அது நிரம்பிய பிறகுதான் நடுக்கட்டம். வகுப்பில் என்ன செய்வது, என்ன பேசுவது.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "எந்த ஊருக்குப் போறோம்னு தெரியாம பஸ்ல ஏறுவீங்களா?" என்றாள்.

நான் ஏறுகிற ஆள்தான். சொல்லவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மாமா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ரிகர்சல் முடிஞ்சுதா?" என்று வாலுவைக் கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா."

"அக்கா மாதிரியே பேசறே."

"நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. ஒவ்வொரு வார்த்தையும்."

"மூச்சு விடறதுமா எழுதியிருக்கா?"

"அதுக்குக் கமா போட்டிருக்கா."

மாமா சிரித்தார். சிரித்து முடித்தபின் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலு என் பக்கம் திரும்பினாள். "அத்தான், வகுப்புல என்னையே பார்த்துக்கிட்டு உட்காராதீங்க. தெரியாத ஆள் மாதிரி இருங்க."

"சரி."

"கஷ்டமெல்லாம் பட வேண்டாம். வீட்டுல எப்படி இருக்கீங்களோ அப்படியே இருந்தா போதும்."

"டீ" என்றார் மாமா என் கையில் டம்ளரைத் திணித்தபடி. அது அவளுக்கான அதட்டலா, எனக்கான டீயா என்று தெரியவில்லை.

"எண்ணெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். கேட்க வேறொன்றும் தோன்றவில்லை.

"புதுப் பட்டியல் புத்தகம் வந்தப்போ உங்க ஆபீஸ்லதானே எழுதி அனுப்பினாங்க? வாக்கியத்தை மட்டும் திருத்தியிருக்கோம், எந்த வரியும் எடுக்கலை, எந்த எண்ணும் மாறலைன்னு. நீங்கதானே டைப் அடிச்சீங்க?"

"ஆமா" என்றேன்.

"அப்புறம் என்ன? அக்கா போட்ட எண்ணையே போட்டிருக்கேன். நாலாம் வகுப்பு, அளவைகள், ஏழு."

டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. உள்ளே இருந்தது நூல்.

•

அந்த நூலை வெட்டியது நான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தெட்டு நூல் வளையம் வேண்டும். ஒவ்வொன்றும் சுற்றி இருபத்துநாலு சென்டிமீட்டர்.

"முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு சேர்த்து வெட்டுங்க. இருபத்தாறு."

நான் வெட்டினேன். அவள் முடிச்சுப் போட்டாள். நடுவில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். என்னவென்று நினைவில்லை. எவ்வளவோ யோசித்துவிட்டேன்.

அந்தப் பாடத்தை அவள் எடுக்கவே இல்லை. அந்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. டப்பா அலமாரியில் இருந்தது.

•

அதிகாரியை அலுவலகத்தில் எல்லாரும் மூணு பேனா என்பார்கள். சட்டைப் பையில் நீலம், சிவப்பு, பச்சை. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போகும் வழியிலேயே அவரிடம் சொன்னேன்.

"சார், அந்த டீச்சர் என் மனைவியோட தங்கை."

"மார்க் போடறது நான். நீங்க எண் இருக்கா இல்லையான்னு சொல்லப் போறீங்க. அதுல என்ன சொந்தம்?"

கடைசி பெஞ்சு எங்கள் இருவருக்கும் உயரம் போதவில்லை. முழங்கால் இடித்தது. சுவரில் என் மனைவி எழுதி ஒட்டிய வாய்ப்பாடு இருந்தது. ஒரு மூலை கழன்று காற்றில் ஆடியது. நான் பட்டியலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

வாலு ஆளுக்கொரு வளையமும் கட்டம் போட்ட தாளும் கொடுத்தாள்.

"அவசரமே இல்ல" என்றாள். "நூல் எங்கயும் ஓடிப் போயிடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் எழுதி வைத்திருந்த இடத்தில் சரியாகச் சிரித்தார்கள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பாடம் இதுதான். வளையத்தைத் தாளில் வைத்து நீள்சதுரம் செய்ய வேண்டும். உள்ளே எத்தனை கட்டம் அகப்படுகிறது என்று எண்ண வேண்டும். எல்லார் நூலும் ஒரே நீளம். உள்ளே இருப்பதும் ஒரே அளவா?

"ஒரே அளவுதான் டீச்சர்" என்றது மொத்த வகுப்பும்.

"பார்க்கலாம்."

நீட்டி ஒடுக்கி வைத்த பையனுக்குப் பதினொரு கட்டம். பக்கத்தில் இருந்தவளுக்கு இருபது. முப்பத்திரண்டு என்றான் ஒருவன். முப்பத்தஞ்சு. சதுரமாக வைத்தவனுக்கு முப்பத்தாறு. வாலு ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினாள். சத்தம் குறைந்தது. ஒரே நூல் சுற்றிவந்த இடத்துக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று ஒரு பிள்ளை தன் வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தது.

முன்வரிசையில் ஒரு பெண். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்று வகுப்பில் வக்கீல் என்று பெயர். கையை உயர்த்தினாள்.

"நாப்பத்திரண்டு டீச்சர்."

"வராது!" என்றான் சதுரக்காரன்.

"வந்துடுச்சே!"

"பொய் சொல்றா டீச்சர். முப்பத்தாறுக்கு மேல வராது."

"எண்ணிப் பாரு. ஆறு ஏழு நாப்பத்திரண்டு."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வாலு நோட்டைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்திரண்டுக்கு அங்கே வாக்கியம் எதுவும் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு அது தெரிந்தது. அவள் காது நுனி சிவந்துவிட்டது.

என்னைப் பார்த்தாள். நான் தெரியாத ஆள் மாதிரி இருந்தேன்.

அவள் நோட்டை மூடி மேஜையில் வைத்தாள்.

"ஏய், சண்டை போடுறதா இருந்தா ஒழுங்கா போடுங்க" என்றாள். இது அவள் குரல். "வராதுன்னு சொல்றியே, எப்படித் தெரியும்? வந்து காட்டு."

சதுரக்காரன் வந்தான். வக்கீலின் தாளைப் பார்த்தான். விரல் விட்டுக் கூட்டினான். "ஆறும் ஏழும் பதிமூணு. இன்னொரு பதிமூணு. இருபத்தாறு. நமக்கு இருபத்துநாலுதான் டீச்சர் வரணும்."

"அப்போ?"

அவன் ஒரு பென்சிலில் இரண்டு வளையங்களையும் மாட்டி இழுத்துப் பிடித்தான். வக்கீலின் வளையம் ஒரு சென்டிமீட்டர் கீழே தொங்கியது.

"இவ நூலே பெருசு!"

"பார்த்தீங்களா டீச்சர்" என்றாள் வக்கீல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து. "நான் தப்பு இல்ல. நூல்தான் தப்பு. வெட்டினவங்களைக் கேளுங்க."

வகுப்பு இரைந்து சிரித்தது. மூணு பேனாவும் சிரித்தார். எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிச்சுக்கு இரண்டு தடவை சேர்த்து வெட்டியிருக்கிறேன். இருபத்தாறுக்குப் பதில் இருபத்தெட்டு. எந்தச் சிரிப்புக்கு நடுவில் என்று தெரியவில்லை.

மணி அடித்தது.

•

தலைமையாசிரியை அறையில் விசிறி மெதுவாகச் சுற்றியது. மூணு பேனா படிவத்தை எடுத்து வைத்தார். பத்துக் கட்டம்.

"முதல் கட்டம். பாடத்துக்குரிய கற்றல் விளைவு பட்டியலில் உள்ளதா? நாலு, அளவைகள், ஏழு. படிங்க."

புத்தகத்தைத் திறந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம்.

"கடிகாரம் பார்த்து நேரம் சொல்லுதல்."

"கடிகாரமா? சரியா பாருங்க. அளவைகள்."

"அளவைகள்தான் சார். ஏழு. கடிகாரம்."

"நூல் பாடம் எந்த எண்ணு?"

ஒன்றிலிருந்து பதினொன்று வரை வாய்க்குள் படித்தேன். பிறகு விரல் வைத்துப் படித்தேன். 'ஒரே சுற்றளவு கொண்ட வடிவங்களின் பரப்பு வேறுபடலாம் என்பதைச் செய்து பார்த்து அறிதல்.' அந்த வரி எனக்கு மனப்பாடம். சாப்பாட்டு மேஜையில் அவள் படித்துக் காட்டியிருக்கிறாள். புத்தகத்தில் அது இல்லை.

"இருக்கா?"

"இல்லை சார்."

வாலுவின் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"போன வருஷப் புத்தகத்துல இருந்துச்சு சார். எந்த வரியும் எடுக்கலைன்னு கடிதாசி வந்துது சார்."

"இருந்திருக்கலாம்மா. நான் அப்போ இங்க இல்ல. என் கையில இருக்கறது இதுதான்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஏதாவது வரியை எடுத்தாங்களா?"

கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்வது எட்டு மாதமாகப் பழகிவிட்டது. இதற்கு அந்த அளவு போதாது. தெரிந்தும் அதைத்தான் செய்தேன்.

"பார்த்துச் சொல்றேன் சார்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். முதல் கட்டம் இல்லை என்றால் மற்ற ஒன்பதையும் நிரப்பக் கூடாது. படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது.

"பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சே சார்" என்றார் தலைமையாசிரியை.

"ரொம்பவே நல்லா இருந்துச்சு. அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஃபைல் மேலே போகுது. அதுக்குள்ள ஏதாவது எழுத்துல வந்தா பார்க்கலாம்."

வாலு என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவில் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியாகப் பெரிய வளையம்.

•

அலுவலகத்துக்குத் திரும்பி மேஜையில் உட்கார்ந்தேன். கணினியில் பட்டியல் இருந்தது. நான் அடித்ததுதான்.

எண் நாம் போட வேண்டியதில்லை. தானாக விழும். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்தது மேலே ஏறி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காலி இடம் தெரியாது.

அவள் போன மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். பழைய பட்டியலைப் புது வாக்கியங்களோடு முழுவதும் திரும்ப அடிக்க வேண்டும். அலுவலகப் பிரதி நைந்து போயிருந்தது. வீட்டில் அவளுடைய பிரதி இருந்தது. அதை எடுத்து வந்தேன். கிழியாத பிரதி என்று சொல்லிக்கொண்டேன். அவள் கையெழுத்து ஓரங்களில் இருந்தது என்பதால்தான் எடுத்தேன்.

சில பக்கங்களில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறது. மறுபடி திறந்தது நினைவில்லை.

யாரும் சரிபார்க்கவில்லை. வாக்கியம் மட்டும்தானே என்றார்கள். அடித்தது யார் என்று பார்த்து, பாவம் என்றும் விட்டிருப்பார்கள்.

நாலு மணிக்கு அனுமதி கேட்டு வீட்டுக்கு நடந்தேன்.

•

மாமா தையல் இயந்திரத்தில் இருந்தார். வாலு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்குப் போட்டுப் போன செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வந்துட்டாரு தெரியாத ஆளு" என்றாள்.

மாமா காலை மிதியிலிருந்து எடுத்தார். சத்தம் நின்றது.

"உங்களை எனக்குச் சாதகமா பேசச் சொன்னேனா அத்தான்? அவர் கேட்டாரு. வரியை எடுத்தாங்களான்னு நேரா உங்க முகத்தைப் பார்த்துக் கேட்டாரு. ஒரு வார்த்தை. எடுக்கலைன்னு ஒரே வார்த்தை."

"பார்க்கணும்னுதான்..."

"என்னத்தைப் பார்க்கணும்? டைப் அடிச்சவருக்குத் தெரியாதா?"

"வாலு" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்கப்பா. இவரு பெட்டி கட்டினப்பவும் சும்மா இருந்தீங்க. இந்த வீட்டுல ஒருத்தி செத்துப் போனா. இவரும் சேர்ந்து செத்துட்ட மாதிரி நடக்கறாரு. நாம ரெண்டு பேரும் சத்தம் போடாம நடக்கறோம், தூங்குறவரை எழுப்பக் கூடாதுன்னு."

மாமா கீழே குனிந்து டப்பாவை எடுத்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அவருக்கு. வளையங்களைக் கொட்டிப் பெரியதைத் தேடினார்.

"எது அது? அளவு தப்பினது? கொண்டா, வெட்டிச் சரி பண்ணித் தரேன். என் வீட்டு நூல் தப்பு அளவுன்னு வெளிய தெரிஞ்சா எவன் சட்டை தைக்கக் கொடுப்பான்?"

டப்பாவின் அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது.

"மாப்ளே, இதுல என்ன எழுதியிருக்கு?"

வாங்கினேன். பென்சில் எழுத்து.

'ஒரு வளையம் மட்டும் 26. இவர் வெட்டினது. முடிச்சுக்கு ரெண்டு தரம் சேர்த்துட்டார். சொல்லல. சொன்னா முகம் தொங்கிடும். எடுத்துப் போடவும் மனசில்ல. இருக்கட்டும்.'

அதன் கீழே கோடு போட்டு, 'எதைப் பார்த்தால் தெரியும்?'

அதன் கீழே, 'யாராவது 42-னு சொல்லணும். வராதுன்னு யாராவது சண்டைக்கு வரணும். வந்தா பாடம் வந்துடுச்சு.'

"படிங்க மாப்ளே."

சத்தமாகப் படித்தேன். 'முகம் தொங்கிடும்' என்ற இடத்தில் மாமா என் முகத்தைப் பார்த்தார். வாலு கையை நீட்டித் தாளை வாங்கி மறுபடி படித்தாள்.

"சண்டைக்கு வந்தாங்க" என்றாள் மெதுவாக. "அப்போ வந்துடுச்சு."

அவள் அழுதாள். மாமா மேஜையில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான் நான்காவது பெட்டிக்குப் போனேன். கட்டு அவிழ்ந்தபடியேதான் கிடந்தது. அவளுடைய பழைய பட்டியல் அடியில் இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். அளவைகள், ஏழு. வரியைச் சுற்றிப் பென்சில். ஓரத்தில், 'நூல்!'

அந்த ஆச்சரியக்குறி அந்த ஞாயிற்றுக்கிழமையுடையது.

இங்கேதான் மூடியிருக்கிறேன். திறந்தபோது எட்டாவது வரியிலிருந்து அடித்திருக்கிறேன்.

"அந்த வரியை யாரும் எடுக்கலை" என்றேன். "நான் விட்டுட்டேன்."

வாலு நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா விட்டீங்க?"

"தெரியலை."

"ஆபீஸ்ல சொன்னா உங்களை என்ன பண்ணுவாங்க?"

"எல்லாப் பள்ளிக்கும் போன புத்தகம் அது."

போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

மாமா மறுபடி மிதியில் கால் வைத்தார்.

"மணி நாலேமுக்கால்" என்றார். "வேகமா நடந்தா பதினஞ்சு நிமிஷம்."

•

மூணு பேனா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பழைய புத்தகத்தை முப்பத்தொன்றாம் பக்கத்தில் திறந்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் புதியதைத் திறந்து வைத்தேன்.

பார்த்தார். பையைக் கழற்றினார்.

"யார் டைப் அடிச்சது?"

"நான்."

"எழுத்துல கொடுப்பீங்களா?"

அங்கேயே நின்று எழுதினேன். நான்கு வரி. இந்த வரி நீக்கப்படவில்லை, தட்டச்சில் என்னால் விடுபட்டது. கையெழுத்து, தேதி. என் கையெழுத்து என்னுடையது மாதிரி இருந்தது. எட்டு மாதமாக எதிலும் அப்படித் தோன்றியதில்லை.

அவர் இரண்டு முறை படித்துவிட்டுப் படிவத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். சிவப்பு எழுத்தை ஒரு கோட்டால் அடித்தார். பச்சைப் பேனாவில் 'உள்ளது' என்று எழுதினார். மற்ற ஒன்பது கட்டங்களையும் நிறுத்தாமல் நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'எதிர்பாராத பிழையைப் பாடமாக்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க மச்சினிச்சிக்குச் சொல்லிடுங்க. நாளைக்கு இது போயிடும்."

"நன்றி சார்."

"உட்காருங்க."

உட்கார்ந்தேன். பழைய புத்தகத்தை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை விரலால் தொட்டார்.

"இது யார் எழுத்து?"

"என் மனைவி."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். புத்தகத்தை மூடி ஓரமாகப் பிடித்துப் பக்கங்களை விரலால் ஓடவிட்டார். அங்கங்கே பென்சில் மின்னி மறைந்தது.

"விட்டுப்போனது இது ஒண்ணுதானா?"

"தெரியாது சார்."

"அப்போ பார்த்துடலாம்."

முதலாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தோம். அவர் பழையதை வாசித்தார். நான் புதியதில் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று, இருக்கிறது. இரண்டு, இருக்கிறது. வெளியே சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எட்டுப் பக்கம் எல்லாம் இருந்தது. எட்டிலும் பென்சில் இல்லை.

ஒன்பதாம் பக்கத்தில் நீர் பற்றிய பகுதி. ஐந்தாவது வரியைச் சுற்றிப் பென்சில். ஓரத்தில், 'ஐஸ்கட்டி, ஆளுக்கொன்று!'

புதிய புத்தகத்தில் நான்கு இருந்தது. ஐந்து இருந்தது. ஆறு இருந்தது. வரிசையாக, இடைவெளி இல்லாமல்.

"ஐந்தைப் படிங்க" என்றார்.

படித்தேன். அது அவர் கையிலிருந்த பழையதில் ஆறு.

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"அடுத்து" என்றார்.

நான் புரட்டவில்லை. அவரே புரட்டினார். பத்தாம் பக்கத்தின் ஓரத்தில் அவள் இருந்தாள்.